நாடா தின்ற சொல்

இழுவை வண்டியை ஆற்றோரம் நிறுத்திவிட்டு
விரலிடுக்கில் மிச்சமிருந்த கிரீஸோடு
வரிசையில் நின்றேன்.
டொலீடோவில் நவம்பர்.
மௌமீ ஆற்றுக் காற்று
காதுமடலைக் கடிக்காமல் போகாது.
டிக்கெட் கிழிப்பவன்
என் சட்டையில் தைத்த பெயரைப் படித்தான்.
"ரோவீனா, உள்ளே ஏதாவது கார் நின்றுபோச்சா?"
"கார் இல்லை," என்றேன், "நான்தான்."

பத்தொன்பது வருடமாய்
வெர்லீன் ஸ்டோக்ஸ் என் வண்டியில்தான் குடியிருக்கிறாள்.
யாரும் கேட்டு வராத ஒரு பழைய ப்யூக்கின்
இருக்கைக்கு அடியில் கிடைத்த கேசட்,
அட்டை போய், எழுத்து போய்,
ஒரு பக்கம் காபிக் கறை.
பனியில் சறுக்கிய கார்களைப்
பள்ளத்திலிருந்து கொக்கி போட்டுத் தூக்கும் இரவுகளில்
கதவைத் திறந்தே வைப்பேன்.
அவள் பாட, சங்கிலி இறுகும்.
பாதி வழியில் அழுகிற ஓட்டுநர்கள்
சத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள்.

கடைசிப் பாட்டில் ஓர் இடம்:
"மறுகரையில் எனக்கென்று ஒரு"
அதற்கப்புறம்
கிணற்றுக்குள் யாரோ வாய் கொப்பளிக்கிற சத்தம்.
கைக்கு வரும்போதே நாடா கசங்கியிருந்தது.
பென்சில் செருகிச் சுற்றிப் பார்த்தேன்,
அந்த ஒரு சொல் மீளவில்லை.
நானே ஒரு சொல்லைப் போட்டு மூடினேன்:
நாற்காலி.
ஏனென்றால் அந்த வாரம்தான் டுவேன்
சாப்பாட்டு மேசையை எனக்கு விட்டுவிட்டு
நாற்காலி நான்கையும் எடுத்துப் போயிருந்தான்.
"போனில் தேடினால் ஒரு நொடி வேலை," என்பான்
ஷெட்டில் இரவுப்பணி பார்க்கும் லமார்.
தெரியும்.
தேடவில்லை.

விளக்கு அணைந்தது.
முதலில் பாரிட்டோன் சாக்ஸ்,
சரக்கு ரயில் தூரத்தில் தடம் மாறுகிற மாதிரி.
பிறகு அவள்.
அறுபத்தெட்டு வயது, முழங்காலில் பட்டை,
தங்கநிறச் செருப்பை இரண்டாம் பாட்டிலேயே
ஓர் ஓரமாய் உதைத்துவிட்டாள்.
எனக்குத் திக்கென்றது. குரல் வேறு!
மேலே இருந்தது, வேகமாய் இருந்தது.
அப்புறம்தான் உறைத்தது:
என் வண்டி ப்ளேயர்தான் இத்தனை காலமும்
மெதுவாகச் சுற்றியிருக்கிறது.
நான் கேட்டுக் கேட்டு உருகியவள்
இவளின் தூக்கக் கலக்கம்.

கிதார் கிறீச்சிட்டது. அவள் கத்தவில்லை,
கத்தலுக்கு ஒரு படி கீழே நின்று
அதைத் தொடாமல்
தொட்டுவிடுவேன் தொட்டுவிடுவேன் என்று
எங்களைப் பல்லைக் கடிக்க வைத்தாள்.
எனக்கு முன்னால் நின்ற பேருந்து ஓட்டுநர்
தொப்பியைக் கழற்றி, பிசைந்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

கடைசிப் பாட்டு.
அந்த வரி வருகிறது.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்,
இதோ, இப்போது தெரிந்துவிடும்.
"மறுகரையில் எனக்கென்று ஒரு"
மைக்கைத் திருப்பி
எங்கள் பக்கம் நீட்டினாள் பாவி!

எண்ணூறு வாய்கள் எதையோ சொல்லின.
நான், உள்ளதிலேயே பெரிய வாயோடு,
"நாற்காலி!"

பக்கத்தில் நின்ற வெள்ளைத்தாடி திரும்பினார்.
"நாற்காலியா?"
"பின்னே என்ன?" என்றேன்.
அவர் சொன்னார். உதடு அசைந்தது.
அதே நேரம் டிரம்ஸ் இறங்கி
எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது.
இரண்டு அசை என்று நினைக்கிறேன்.
மூன்றாகவும் இருக்கலாம்.
மறுபடி கேட்டிருக்கலாம்.
அவர் ஆடத் தொடங்கிவிட்டார், நானும்.

நள்ளிரவு தாண்டி வண்டியில் ஏறினேன்.
ரேடியோவில் லமார்:
நெடுஞ்சாலை வளைவில் ஒரு வேன்,
பள்ளத்தில், உள்ளே நாலு பேர், யாருக்கும் காயமில்லை.
"வருகிறேன்," என்றேன்.
தொண்டையில் வெறும் காற்று.
திரும்பச் சொன்னேன். கரகரப்பு மட்டும்.
"யாரது?" என்றான் லமார்.
"ஹலோ? ரோவீனாவின் வண்டியில் யாரது?"